சிங்கப்பூர் – நியூயார்க்: வான்வழி தூரமும் பறக்கும் நேரமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு தொலைதூர நகரங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், விமானத்தில் எத்தனை மணி நேரம் என்று தேடினால் இரண்டு எண்கள் கிடைக்கும். தூரத்துக்கான எண் மாறாதது. நேரத்துக்கான எண்ணோ காற்றையும், எந்த நாட்டின் மேலே பறக்க அனுமதி இருக்கிறது என்பதையும், ஓடுபாதையில் எத்தனை விமானங்கள் வரிசையில் நிற்கின்றன என்பதையும் பொறுத்து தினமும் மாறும். இந்த வித்தியாசம் தெரியாமல் அடுத்த விமானத்தையும், கூட்டிப் போக வருகிறவர்களின் நேரத்தையும் முடிவு செய்துவிட்டுத் தவிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்காகத்தான் இந்தப் பக்கம். உதாரணமாக ஒரே ஒரு வழித்தடத்தை எடுத்துக்கொள்கிறேன்: சிங்கப்பூர் – நியூயார்க். இங்கே சொல்கிற கணக்கு எந்த இரண்டு ஊர்களுக்கும் பொருந்தும்.

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம்? எவ்வளவு நேரம் ஆகும்?

சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கு வான்வழி தூரம் சுமார் 15,349 கிலோமீட்டர். மைல் கணக்கில் 9,537. எங்கும் நிற்காமல் போகும் விமானத்துக்கு அட்டவணையில் ஏறத்தாழ பதினெட்டரை முதல் 19 மணி நேரம் போட்டிருப்பார்கள். வழக்கமாக இயங்கும் பயணிகள் விமானங்களில் நிற்காமல் மிக அதிக தூரம் போவது இந்த வழித்தடத்தில்தான்.

வான்வழி தூரம் என்று எதைச் சொல்கிறார்கள்?

ஓர் உலக உருண்டையை எடுத்து, இரண்டு ஊர்களிலும் குண்டூசி குத்தி, நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். தொய்வில்லாமல் நூல் எந்த வழியில் படிகிறதோ அதுதான் மிகக் குறுகிய பாதை. இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள். அந்த நூலின் நீளம்தான் வான்வழி தூரம். விமானம் உண்மையில் பறந்த தூரம் இது இல்லை. அது எப்போதுமே இதைவிடக் கொஞ்சம் அதிகம், சில நாட்களில் நிறையவே அதிகம்.

பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். அதனால் உலகத்தில் எந்த இரண்டு ஊர்களுக்கு நடுவிலும் வான்வழி தூரம் சுமார் 20,000 கிலோமீட்டரைத் தாண்டாது. எங்காவது 23,000 கிலோமீட்டர் என்று பார்த்தால், அது வழியில் நின்று நின்று போகும் பயணத்தின் மொத்தக் கூட்டல் என்று புரிந்துகொள்ளலாம்.

இதை நானே கணக்குப் போட முடியுமா?

முடியும். சிங்கப்பூர் – நியூயார்க்குக்குக் கால்குலேட்டர்கூடத் தேவையில்லை, ஒரு துண்டுக் காகிதம் போதும். அதனாலேயே இந்த ஜோடி எனக்குப் பிடிக்கும்.

நியூயார்க் விமான நிலையம் 40.64 பாகை வட அட்சரேகையிலும் 73.78 பாகை மேற்குத் தீர்க்கரேகையிலும் இருக்கிறது. சாங்கி 1.36 பாகை வடக்கு, 103.99 பாகை கிழக்கு. இரண்டு தீர்க்கரேகைகளையும் கூட்டினால் 177.77. அதாவது கிட்டத்தட்ட 180. பூமிப் பந்தின் ஒரு பக்கத்தில் ஓர் ஊர், நேர் மறுபக்கத்தில் இன்னோர் ஊர். அப்படி என்றால் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டித்தான் போக வேண்டும்.

சரி, நியூயார்க்கிலிருந்து துருவத்துக்கு 90 கழித்தல் 40.64, அதாவது 49.36 பாகை. துருவத்திலிருந்து சிங்கப்பூருக்கு 90 கழித்தல் 1.36, அதாவது 88.64 பாகை. கூட்டினால் சரியாக 138. ஒரு பாகைக்கு 111.19 கிலோமீட்டர் வீதம் பெருக்கினால் 15,344 கிலோமீட்டர் வருகிறது. துல்லியமான கணக்குக்கும் இதற்கும் 5 கிலோமீட்டர்தான் வித்தியாசம்.

மற்ற ஊர்களுக்கு இவ்வளவு சுலபமாக வராது. அதற்கு ஹேவர்சைன் சூத்திரம் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகை, பூமியின் சராசரி ஆரம் 6,371 கிலோமீட்டர் ஆகியவற்றைக் கொடுத்தால் விடை வந்துவிடும். பள்ளியில் படித்த சைன், கோசைன் போதும்.

ஒவ்வொரு இணையதளமும் ஒவ்வொரு எண்ணைக் காட்டுகிறதே, ஏன்?

மூன்று காரணங்கள் உண்டு. சில தளங்கள் நகரின் மையத்திலிருந்து அளக்கும், சில விமான நிலையத்திலிருந்து அளக்கும். பெரிய நகரங்களில் இதுவே இருபது முப்பது கிலோமீட்டர் மாறும். அடுத்தது, பூமி சரியான உருண்டை இல்லை. நடுக்கோட்டில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. உருண்டை என்று வைத்துக் கணக்குப் போடும் தளத்துக்கும், தட்டையான கோளமாக எடுத்துக்கொள்ளும் தளத்துக்கும் அரை சதவீதம் வரை வித்தியாசம் வரலாம்.

மூன்றாவதுதான் ஆளைக் குழப்புவது. விமானிகள் கடல் மைலில் பேசுவார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், சாதாரண மைல் 1.609. சிங்கப்பூர் – நியூயார்க் 9,537 மைல் என்று ஓரிடத்திலும், ஏறத்தாழ 8,290 மைல் என்று இன்னோர் இடத்திலும் பார்த்தால் இரண்டும் சரிதான். பின்னது கடல் மைல்.

வரைபடத்தில் விமானப் பாதை ஏன் வில் மாதிரி வளைந்திருக்கிறது?

வளைந்திருப்பது பாதை இல்லை, வரைபடம். ஆரஞ்சுத் தோலை உரித்து மேஜையில் தட்டையாக அமுக்கினால் கிழியும் அல்லது இழுபடும். உருண்டையான பூமியைச் சதுரக் காகிதத்துக்குக் கொண்டுவரும்போதும் அப்படித்தான். வழக்கமான உலக வரைபடத்தில் துருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இடங்கள் பல மடங்கு அகலமாக இழுக்கப்பட்டிருக்கும். கிரீன்லாந்து அவ்வளவு பெரிதாகத் தெரிவது அதனால்தான். அந்தப் படத்தில் அளவுகோல் வைத்து நேர்கோடு போட்டால், பூமியில் அது சுற்றுவழி. வளைவாகத் தெரிவதுதான் உண்மையில் நேர்வழி.

அப்படியானால் விமானம் வட துருவத்தின் மேலேயா பறக்கிறது?

கணக்குப்படி குறுகிய பாதை துருவத்திலிருந்து 300 கிலோமீட்டருக்குள் கடந்துபோகிறது. ஆனால் பல நாட்களில் விமானம் அந்த வழியில் போவதில்லை.

இந்த வழித்தடத்தில் ஓர் அழகான விஷயம் இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானம் பெரும்பாலும் வடகிழக்காகத் திரும்பி, ஜப்பானை ஒட்டி, வட பசிபிக்கைக் கடந்து அமெரிக்காவுக்குள் நுழையும். நியூயார்க்கிலிருந்து திரும்பும்போதோ அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகக் கிழக்கு நோக்கியே வருகிற நாட்கள் உண்டு. போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு. இப்படிப் போய்வந்தவர் ஒரே பயணத்தில் உலகத்தையே சுற்றிவிட்டார் என்று அர்த்தம். ஊர்கள் இரண்டும் பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால் எந்தப் பக்கமாகப் போனாலும் தூரத்தில் பெரிய நஷ்டம் இல்லை. கிழக்கு நோக்கிப் போனால் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். தூரம் அதிகம் பறந்தாலும் சீக்கிரம் வந்து சேரலாம், எரிபொருளும் மிச்சம்.

அது என்ன காற்று? போகும்போது ஒரு நேரம், வரும்போது வேறு நேரம் ஆவது இதனாலா?

ஆமாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

விமானங்கள் பறக்கும் ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஆறு மாதிரி ஓடும் வேகமான காற்று இருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்று பெயர். குளிர்காலத்தில் வலுக்கும். மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. வாசபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலை அறிஞர் 1920-களிலேயே பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று நினைத்து அறிக்கையை, உலகப் பொதுமொழியாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட எஸ்பெராந்தோ மொழியில் வெளியிட்டார். அதனாலேயே அதிகம் பேர் கவனிக்காமல் போய்விட்டது. எனக்கு அவரை நினைத்தால் மனம் கனக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர், தூரம் 4,000 கிலோமீட்டர், காற்று மணிக்கு 150 என்று வையுங்கள். காற்று பின்னாலிருந்து தள்ளினால் தரையைப் பொறுத்த வேகம் 1,050; 3 மணி 49 நிமிடத்தில் போய்விடலாம். எதிர்க்காற்றாக இருந்தால் வேகம் 750. 5 மணி 20 நிமிடம் ஆகும். ஒன்றரை மணி நேரம் வித்தியாசம்! இன்னொன்றையும் கவனியுங்கள். போக வர மொத்தம் 9 மணி 9 நிமிடம். காற்றே இல்லையென்றால் 8 மணி 53 நிமிடம்தான். போகும்போது கிடைத்த லாபம் வரும்போது ஈடாகிவிடும் என்று தோன்றும், ஆனால் ஆகாது. எதிர்க்காற்றில்தான் அதிக நேரம் பறக்கிறோம், அதனால் நஷ்டமே கொஞ்சம் கூடுதல்.

நிஜ உதாரணங்களும் உண்டு. சிட்னிக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் இடையே சுமார் 11,000 கிலோமீட்டர். மேற்கே போக ஏறத்தாழ 14 மணி நேரம், கிழக்கே திரும்ப 12 மணி நேரத்துக்குள். 2020 பிப்ரவரியில் அட்லாண்டிக்கில் பெரும் புயல் வீசியபோது, வழக்கமாக ஏழு மணி நேரம் ஆகும் நியூயார்க் – லண்டன் தூரத்தைப் பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஒரு போயிங் 747 ஐந்து மணி நேரத்துக்குள், 4 மணி 56 நிமிடத்தில் முடித்தது. தரை வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தொட்டது. ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டது என்று அப்போது பலர் எழுதினார்கள். அது சரியில்லை. விமானம் காற்றுக்குள் வழக்கமான வேகத்தில்தான் பறந்தது. காற்றே சேர்ந்து நகர்ந்தது.

உங்கள் இருக்கைக்கு முன்னால் இருக்கும் சின்னத் திரையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். உயரம் 11,000 மீட்டர், வெளியே மைனஸ் 56 டிகிரி, தரை வேகம் 905 என்று ஓடிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் 940, அப்புறம் 990, பிறகு ஆயிரத்தைத் தாண்டும். என்ஜின் சத்தத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. போய்ச் சேரும் நேரம் மட்டும் சில நிமிடங்கள் முன்னால் வரும். விமானம் அப்போதுதான் அந்த ஆற்றுக்குள் இறங்கியிருக்கிறது.

பூமி சுழல்வதால்தான் கிழக்குக்கும் மேற்குக்கும் நேரம் மாறுகிறது என்று படித்தேனே?

நேரடியாக இல்லை. பூமியோடு காற்று மண்டலமும் சேர்ந்தே சுழல்கிறது. ஓடும் ரயில் பெட்டிக்குள் எம்பிக் குதித்தால் அதே இடத்தில்தான் விழுகிறோம், பின்பக்கச் சுவரில் மோதுவதில்லை. விமானமும் அப்படித்தான். ஜெட் ஸ்ட்ரீம் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுவதற்குப் பூமியின் சுழற்சி ஒரு காரணம் என்பது உண்மை. அந்த வகையில் மட்டும்தான் அது நம் பயண நேரத்தைத் தொடுகிறது.

தூரம் தெரியும். நேரத்தைத் தோராயமாக எப்படிச் சொல்வது?

தூரத்தை 850-ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டுங்கள். ஏறவும் இறங்கவும் தரையில் உருளவும் அந்த அரை மணி. 15,349-ஐ 850-ஆல் வகுத்தால் 18 மணி நேரம், கூட்டினால் பதினெட்டரை. லண்டன் – நியூயார்க் 5,540 கிலோமீட்டர். கணக்குப்படி 7 மணி நேரம். கிழக்கே வரும்போது அட்டவணையில் அதுதான் இருக்கும், மேற்கே போகும்போது ஒரு மணி நேரம் கூடும். நெடுந்தூரப் பயணத்தில் கிழக்கு, மேற்கு பார்த்து ஒரு மணி நேரத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். வடக்கு தெற்காகப் போகிற பயணத்துக்கு அது தேவையில்லை.

இரண்டு மூன்று மணி நேரக் குறுந்தூரப் பயணத்துக்கு இந்தக் கணக்கை நம்ப வேண்டாம். அங்கே ஏறுவதிலும் இறங்குவதிலுமே கணிசமான நேரம் போய்விடும்.

டிக்கெட்டில் போட்டிருப்பது பறக்கும் நேரமா?

இல்லை. புறப்பாடு என்றால் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கும் கட்டையை எடுத்துவிட்டு விமானத்தைப் பின்னால் தள்ளத் தொடங்கும் நேரம். வருகை என்றால் போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி அந்தக் கட்டையை வைக்கும் நேரம். நடுவில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்க இடம் கிடைக்காமல் வட்டமடிப்பது எல்லாம் அடங்கும். நியூயார்க் மாதிரி நெரிசலான இடத்தில் தரையிலேயே அரை மணி நேரத்துக்கு மேல் போகும்.

தாமதத்துக்கு இடம் விட்டு விமான நிறுவனங்கள் அட்டவணையில் சில நிமிடங்களைச் சேர்த்தே போடுகின்றன. முக்கால் மணி தாமதமாகக் கிளம்பியும் சரியான நேரத்துக்குப் போய்ச் சேருவது இப்படித்தான். உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று தெரிய வேண்டுமா? விமானங்களின் நகர்வைக் காட்டும் தளத்தில் உங்கள் விமான எண்ணைப் போட்டுக் கடந்த ஒரு வாரத்தைப் பாருங்கள். எந்தக் கணக்கையும்விட அது நம்பகமானது.

திங்கள் இரவு கிளம்பி புதன் காலை வந்து சேரும் என்று போட்டிருக்கிறது. இரண்டு நாளா பறக்கிறது?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருவது. இல்லை, நடுவில் கடிகாரம் மாறுகிறது, அவ்வளவுதான். டிக்கெட்டில் இரண்டு நேரங்களும் அந்தந்த ஊர் நேரம்.

கோடைக்காலத்தில் நியூயார்க்கைவிடச் சிங்கப்பூர் 12 மணி நேரம் முன்னால். திங்கள் இரவு 10.30-க்கு நியூயார்க்கிலிருந்து கிளம்பி 18 மணி 40 நிமிடம் பறந்தால், நியூயார்க் கடிகாரப்படி செவ்வாய் மாலை 5.10. அதோடு 12 மணி நேரம் கூட்டுங்கள்: சிங்கப்பூரில் புதன் அதிகாலை 5.10. செவ்வாய்க்கிழமையைக் காணோம்!

திரும்பும்போது அந்த நாள் வேறு விதமாகக் கைக்கு வரும். சிங்கப்பூரிலிருந்து புதன் இரவு 11.30-க்குக் கிளம்பி பதினெட்டரை மணி நேரம் பறந்தால் அங்கே வியாழன் மாலை 6 மணி. 12-ஐக் கழித்தால் நியூயார்க்கில் வியாழன் காலை 6 மணிதான். டிக்கெட்டைப் பார்த்தால் ஆறரை மணி நேரப் பயணம் மாதிரி தெரியும்.

ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னால் திருப்புவார்கள். சிங்கப்பூரில் அந்தப் பழக்கம் இல்லை. அதனால் குளிர்காலத்தில் வித்தியாசம் 13 மணி நேரம். அழைத்துப் போக வருகிறவர்கள் இதில்தான் ஒரு மணி நேரம் தவறவிடுகிறார்கள்.

காற்று தவிர வேறு எதற்காக விமானம் சுற்றிப் போகிறது?

முதல் காரணம் அனுமதி. ஒரு நாட்டின் வான்வெளிக்குள் நுழைய அந்த நாடு இடம் கொடுக்க வேண்டும். ஹெல்சிங்கி – டோக்கியோ தூரம் சுமார் 7,800 கிலோமீட்டர். ரஷ்யாவின் மேலே பறந்து ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். 2022-ல் அந்த வான்வெளி மூடப்பட்ட பிறகு, பின்லாந்து விமானங்கள் வட துருவப் பக்கமாகவோ தெற்கே சுற்றியோ ஏறத்தாழ 13 மணி நேரம் பறக்க வேண்டியதாயிற்று. ஊர்கள் நகரவில்லை. தூரம் ஒரு மீட்டர்கூட மாறவில்லை. பயணம் மட்டும் மூன்றரை மணி நேரம் நீண்டுவிட்டது.

இரண்டாவது, பாதுகாப்பு. இரண்டு என்ஜின் விமானம் நடுக்கடலில் ஓர் என்ஜினை இழந்தால், மற்றொன்றை வைத்துக் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை எட்ட வேண்டும். பழைய விதிப்படி அது 60 நிமிடம். 1985-ல் 120 ஆனது, பின்னர் 180. ஏர்பஸ் ஏ350-க்கு 370 நிமிடம் வரை அனுமதி உண்டு. இந்த எண் ஏற ஏறப் பாதை நேராகிக்கொண்டே வந்தது.

அப்புறம் திபெத் பீடபூமி. விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால் உடனே 10,000 அடிக்கு இறங்க வேண்டும். கீழே இருக்கும் மலைகளே அதைவிட உயரம் என்றால் எங்கே இறங்குவது? அதனால் பெரும்பாலான விமானங்கள் அந்தப் பகுதியை ஒதுக்கியே போகின்றன.

இவ்வளவு தூரம் போக எவ்வளவு எரிபொருள் வேண்டும்?

இந்த வழித்தடத்தில் பறப்பது ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர், அதாவது மிக நெடுந்தூரம் பறக்கும் ரகம். அதன் தொட்டிகளில் 1,65,000 லிட்டர் பிடிக்கும். எடை சுமார் 130 டன். விமானம் மேலே எழும்போது அதிகபட்சம் 280 டன்தான் இருக்கலாம். அதாவது முழுதாக நிரப்பினால் எழும்பும் எடையில் கிட்டத்தட்ட பாதி எரிபொருள்!

நெடுந்தூரத்தின் கஷ்டமே இதுதான். கடைசி மணி நேரத்துக்கான எரிபொருளை முதல் பதினேழு மணி நேரமும் சுமந்துகொண்டு போக வேண்டும். அந்தச் சுமையைத் தூக்கவே இன்னும் எரிபொருள் எரியும். அதனால் ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். வழக்கமாக 300 பேர் வரை போகும் ரக விமானத்தில் இங்கே 161 இருக்கைகள்தான்: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. டிக்கெட் விலை அதிகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004-ல் நான்கு என்ஜின் ஏ340-500 விமானத்தை வைத்து நியூயார்க்கை ஒட்டிய நெவார்க்குக்கு இந்தச் சேவையைத் தொடங்கியது. அந்த விமானம் எரிபொருளை அதிகம் குடித்ததால் 2013-ல் நிறுத்தியது. இரண்டு என்ஜின் ஏ350 கைக்கு வந்ததும் 2018 அக்டோபரில் மறுபடி ஆரம்பித்தது. கென்னடி விமான நிலையத்துக்கு 2020 நவம்பரில் பறக்கத் தொடங்கியது.

இன்னும் வேகமாகப் பறக்கக் கூடாதா?

1958-ல் சேவைக்கு வந்த போயிங் 707-ம் இன்றைய விமானங்களும் ஏறத்தாழ ஒரே வேகம்தான், மணிக்கு 900 கிலோமீட்டர் அளவில். ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்கக் காற்றின் எதிர்ப்பு சட்டென்று ஏறும், எரிபொருள் கரையும். ஒலியைப் போல இரு மடங்கு வேகத்தில் பறந்த கான்கார்ட் 1996-ல் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 2 மணி 53 நிமிடத்தில் போனது. ஆனால் அதனால் அட்லாண்டிக்கைத் தாண்டத்தான் முடிந்தது. சிங்கப்பூர் – நியூயார்க் தூரத்தில் பாதியைக்கூட ஒரே மூச்சில் பறக்க முடியாது. 2003-ல் ஓய்வு பெற்றது.

நேரடியாகப் போவதா, நடுவில் இறங்கிப் போவதா?

தூரத்தை மட்டும் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. பிராங்பர்ட் வழியாகப் போனால் சுமார் 6,200-ம் 10,300-ம் சேர்த்து 16,500 கிலோமீட்டர். ஏழெட்டு சதவீதம்தான் கூடுதல். ஆனால் இன்னொரு முறை இறங்கி, காத்திருந்து, மறுபடி ஏறுவதற்குள் பயணம் 22 மணி நேரத்தைத் தாண்டிவிடும். நடுவில் காலாற நடக்கலாம், செலவும் பெரும்பாலும் குறையும். முதுகுவலி இருக்கிறவர்களுக்கும் குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் நான் இதையே சொல்வேன்.

ஆனால் இரண்டு கட்டத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் மலிவு என்று நானும் ஒருமுறை அப்படிச் செய்தேன். நடுவில் இரண்டு மணி நேரம் இருந்தது. எதிர்க்காற்றில் முதல் விமானம் 50 நிமிடம் தாமதம். பெட்டியை எடுத்து, குடியேற்ற வரிசையில் நின்று, மறுபடி பதிவு செய்யப் போனபோது கவுண்டரை மூடிவிட்டார்கள். இரண்டாவது டிக்கெட் முழுவதும் போயிற்று. ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனியாகத்தான் எடுப்பேன் என்றால் குறைந்தது ஐந்து மணி நேர இடைவெளியாவது விடுங்கள்.

இவ்வளவு நேரம் உட்கார்ந்தே இருந்தால் உடம்புக்கு ஆகுமா?

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் கால் ரத்தநாளத்தில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-ல் சொன்னது. பஸ், ரயிலுக்கும் இது பொருந்தும். மொத்தத்தில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு, 6,000 பேரில் ஒருவர். அடிக்கடி எழுந்து நடங்கள், உட்கார்ந்தபடியே கணுக்காலை அசையுங்கள், தண்ணீர் குடியுங்கள். கர்ப்பிணிகளும், அண்மையில் அறுவை சிகிச்சை ஆனவர்களும், முன்பு ரத்தக்கட்டு வந்தவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டே டிக்கெட் எடுக்க வேண்டும்.

அத்தனை மணி நேரமும் ஒரே விமானியா ஓட்டுகிறார்?

இல்லை. நான்கு விமானிகள் போவார்கள், முறை வைத்து ஓட்டுவார்கள். மற்றவர்கள் படுத்துத் தூங்கத் தனிப் படுக்கைகள் உண்டு.

இதைவிட நீளமான பயணம் வருமா? பழைய காலத்தில் எப்படிப் போனார்கள்?

1947 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் விமான நிறுவனம் சிட்னியிலிருந்து லண்டனுக்கு விமானச் சேவை தொடங்கியபோது பயணம் 4 நாள். டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிபோலி என்று ஆறு இடத்தில் நின்று நின்று போனது.

அதற்கும் முன்னால், இரண்டாம் உலகப் போர் நடந்த 1943 முதல் 1945 வரை, பெர்த்துக்கும் இலங்கையின் கொக்கல ஏரிக்கும் இடையே கேட்டலினா என்ற நீர் விமானங்கள் நிற்காமல் பறந்தன. தூரம் சுமார் 5,600 கிலோமீட்டர்தான், இன்று ஏழு மணி நேரப் பயணம். அப்போது 27 முதல் 33 மணி நேரம் ஆனது. எதிரி கண்டுபிடித்துவிடக் கூடாது என்று வானொலியைப் பேசவிடாமல், நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டுபிடித்தார்கள். எரிபொருள் சுமை போக மூன்று பயணிகளுக்குத்தான் இடம். ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்த்ததால், இறங்கியவர்களுக்கு 'இரட்டைச் சூரிய உதயம்' என்று பெயரிட்டு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள்.

அந்த நினைவாகத்தான் குவாண்டாஸ் தன் புதிய திட்டத்துக்குச் 'சூரிய உதயம்' என்று பெயர் வைத்திருக்கிறது. சிட்னி – லண்டன், சுமார் 17,000 கிலோமீட்டர், நிற்காமல். கூடுதலாக 20,000 லிட்டர் தொட்டி வைத்த ஏ350-1000 விமானம், 238 இருக்கைகள். 2019 அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து சிட்னிக்கு சுமார் 50 பேரை மட்டும் ஏற்றிச் சோதனையாகப் பறந்து பார்த்தார்கள். 19 மணி 16 நிமிடம் ஆனது. லண்டன் பயணம் காற்றைப் பொறுத்து 20 முதல் 22 மணி நேரம் ஆகலாம். அதில் போகிறவர்களும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தபடி இரண்டு விடியலைப் பார்ப்பார்கள்.